மின்சார வேனும் மயக்க மருந்துப் புட்டியும்: மூன்று ஆண்டு அனுபவம்

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் வாகனப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. செவிலியர்களை வீட்டில் விடவும் ரத்த மாதிரிகளை எடுத்து வரவும் ஓடிய டீசல் வேனுக்குப் பதிலாக மின்சார வேன் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வண்டியில் குறை இல்லை. ஆயில் மாற்றும் செலவு கிடையாது, பிரேக் தேய்மானமும் குறைவு. ஆனால் விற்றவர்கள் சொன்ன தூரத்தை நம்பி வழித்தடம் போட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ஏசியோடு ஆள் நிறைய ஏற்றினால் அதில் முக்கால் பங்குதான் கிடைக்கிறது. இரண்டாம் ஆண்டில் சார்ஜர் பழுதாகி, உதிரிபாகம் வர 19 நாட்கள் ஆயின. ஓரங்கட்டி வைத்திருந்த பழைய டீசல் வண்டிதான் மானத்தைக் காப்பாற்றியது.

வேனின் பக்கவாட்டில் 'புகையில்லா ஊர்தி' என்று பெரிதாக எழுதியிருக்கிறோம். எழுதிய பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. பழைய வேன் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது. ஆகக் கிலோமீட்டருக்கு 220 கிராமுக்கு மேல். மின்சார வேன் ஒரு யூனிட்டில் 5 கிலோமீட்டர் ஓடுகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்பதால், இதற்கும் 140 கிராம் வருகிறது. எங்கள் வாசலில் வராத புகை அனல்மின் நிலையத்தில் வருகிறது! இப்போது மாடியிலுள்ள சூரியத் தகடுகளை நம்பி, நண்பகலில்தான் சார்ஜ் போடுகிறோம்.

இந்தக் கணக்கை ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். மயக்கவியல் மருத்துவர் ஒரு காலிப் புட்டியை மேசையில் வைத்தார். "தம்பி, இது எத்தனை கிலோமீட்டர் ஓடும், சொல்லுங்கள்?"

அது டெஸ்ஃப்ளூரேன் என்ற, மூச்சில் இழுக்கும் மயக்க மருந்து, 240 மில்லி. நோயாளி மூச்சில் இழுத்ததில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்து, குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடுமாம். நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், எடைக்கு எடை அது கரியமில வாயுவைப்போல் சுமார் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு புட்டி ஏறத்தாழ 890 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். என் டீசல் வேன் 4,000 கிலோமீட்டர் ஓடினால்தான் அவ்வளவு வரும். அதே வேலையைச் செய்யும் செவோஃப்ளூரேன் புட்டிக்கு 50 கிலோ அளவுதான். ஸ்காட்லாந்து 2023-லேயே டெஸ்ஃப்ளூரேனைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தாலொழியப் பயன்படுத்தக் கூடாது. எங்கள் அறுவை அரங்கிலும் இப்போது செவோஃப்ளூரேன்தான், அதையும் வீணாகாதபடி குறைந்த வாயு ஓட்டத்தில் தருகிறார்கள். வண்டிக்குச் செய்ததுபோல் இதற்கு ஒரு பைசா முதலீடு இல்லை என்பதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது.

அடுத்து நோயாளிகளின் பயணம். தாளவாடியிலிருந்து எங்களிடம் வர, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். வெறும் சர்க்கரை அறிக்கையைக் காட்டுவதற்கே காரை வாடகைக்குப் பிடித்து வந்தவர்கள் உண்டு. இப்போது அறிக்கையை அலைபேசியில் அனுப்பினால் மருத்துவர் காணொளியில் பேசுகிறார். மலையில் சிக்னல் அறுந்துபோவது மட்டும் தீரவில்லை.

ஒரு பெரியவர் இன்னும் நேரில்தான் வருகிறார். கையைப் பிடித்து நாடி பார்க்காதது என்ன வைத்தியம் என்கிறார். வருவதெல்லாம் செவ்வாய்க்கிழமை. அன்றுதான் இங்கே ஜவுளிச் சந்தை.