'கௌபாய் இரவு' தொகுப்பு: சுங்கை சிப்புட் வட்டாரத்தார் கவனத்திற்கு

தீபாவளிக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நம் பட்டணத்துக் கடையொன்றில் 'கௌபாய் இரவு' என்று பதாகை தொங்குகிறது. புரொஜெக்டர், மடக்குத் திரை, பழைய குதிரைவீரர் படங்களின் டிவிடிகள், இலவசமாக இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின், எல்லாம் சேர்த்து 899 ரிங்கிட். கடைப் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது.

பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன்: இந்தப் புரொஜெக்டரின் நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அது உண்மையில் காட்டும் புள்ளிகளின் அளவு, என்ன? "ஃபுல் எச்டி அண்ணே, 1080. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று பதில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டே பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்காது என்பது உண்மைதான்.

சனிக்கிழமை இரவு ஈப்போவிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தார், புந்தோங்கில் கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனி வாங்கிக்கொண்டு. மனைவி மசால்வடை சுட்டாள். முன்வரிசை நாற்காலி அப்பாவுக்கு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்து ரசிகர் அவர். மழை தூறினாலும் எழுந்து போகாத தலைமுறை.

செர்ஜியோ லியோனி 1966இல் எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தைப் போட்டோம். உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு அகலம் கொண்ட படம் அது. மனிதர்களுக்கு நடுவே கிடக்கும் வெட்டவெளிதான் அதில் பாதிக் கதை. கடைக்காரர் தந்த டிவிடியோ இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட நகல். கல்லறைத் திடலில் மூன்று பேர் முக்கோணமாக நின்று ஒருவரையொருவர் அளக்கும் உச்சக்காட்சியில் எங்கள் திரையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாமவராக நடித்த லீ வான் கிளீஃப் தொப்பி விளிம்பாக மட்டும் மிஞ்சினார். "மூன்றாவது ஆள் எங்கேடா?" என்றார் அப்பா. மோரிகோனியின் இசை மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்து முழங்கியது.

படமும் தெளிவில்லை. லியோனி திரை நிறையக் காட்டும் கண்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மை இருந்தது: நேட்டிவ் 800×480, 1080 'சப்போர்ட்டட்'. அதாவது 1080 படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் சுருக்கித்தான் காட்டும். உண்மையான 1080இன் (1920×1080) புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டியில் வெளிச்ச அளவு 9000 லூமன் என்றும் போட்டிருக்கிறார்கள். முன்னால் 'ஆன்சி' என்ற சொல் (தர முறைப்படி அளந்ததற்கான அடையாளம்) இல்லாத லூமன் கணக்கை நம்பிப் பணம் தராதீர்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒயினைப் பொறுக்க முடியாது. மச்சான் ஊற்றப்போகும் நேரத்தில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். சுங்கத்துறையின் வரி முத்திரை இல்லை, மலாய்மொழி எச்சரிக்கை வாசகமும் இல்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மது எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது நமக்கு மறந்திருக்காது. இந்தப் பாட்டிலில் என்ன இருந்ததோ, யாரையும் குடிக்க விடவில்லை. மசால்வடைக்குத் தேநீர்தான் துணை.

மறுநாள் கடைக்குப் போனால், "1080 படம் ஓடுகிறதுதானே அண்ணே" என்கிறார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாளையும் காட்டினார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு தாளால் பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கையேட்டுப் பக்கத்தின் படம் மூன்றையும் இணைத்து மனுப் போட்டிருக்கிறேன்.

இப்போது தூது வருகிறது: பணத்தைத் தந்துவிடுகிறாராம், ஆனால் இரண்டு பாட்டிலையும் திருப்பித் தரவேண்டுமாம். அவற்றைச் சுங்கத்துறையிடம் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.