கிளினிக்கல் பயிற்சி என்று சொல்லி 1,850 யூரோ பிடுங்கிக்கொண்டார்கள்: எக்ஸ்சேஞ்சில் போகும் சைக்காலஜி மாணவர்கள் படிக்கவும்

நேற்று காலை பதினொன்றரை மணி வரை எனக்கு ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எட்டு வாரப் பயிற்சி காத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை. 1,850 யூரோ போய்விட்டது. கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்றாள் தோழி. ஆறினால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் சைக்காலஜி மூன்றாம் ஆண்டு. எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி வந்திருக்கிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் இங்கே தனியாகக் கல்விக் கட்டணம் இல்லை. சிக்கல் வந்தது லேர்னிங் அக்ரிமென்ட்டில், அதாவது இங்கே என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில். ஐரோப்பிய கிரெடிட் கணக்கில் வருடத்துக்கு 60, செமஸ்டருக்கு 30. ஊரில் இருக்கும் என் துறை முழு 30-ஐயும் கேட்டது. ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களாகப் பொறுக்கி எடுத்ததில் காக்னிட்டிவ், சோஷியல், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் சேர்ந்து 20தான் தேறியது. கிளினிக்கல் செமினார்களில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு இடமில்லை என்றார்கள். நோயாளிகள் ஜெர்மனில்தான் பேசுவார்கள். அவர்கள் நம்பிச் சொல்வதை வெளியே விட்டால் இங்கே அது குற்றம், குற்றவியல் சட்டத்தின் 203ஆம் பிரிவே அதற்கு இருக்கிறது. நாலைந்து மாதம் வந்துபோகிறவளை எப்படி உள்ளே விடுவார்கள்? காரணம் எனக்கும் புரிந்தது. ஆனால் அந்த 10 கிரெடிட் ஓட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்த ஓட்டைக்காகவே விரித்த வலை மாதிரி ஒரு தளம் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு மருத்துவமனைகளில் 'கிளினிக்கல் அப்சர்வேஷன்' ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லும் இடைத்தரகர் வகை. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், மேற்பார்வையாளர் கையெழுத்துடன் சான்றிதழ், 10 கிரெடிட். பதிவுக் கட்டணம் 150 யூரோ. ஆகஸ்டில் கட்டினேன்.

மறுநாளே வீடியோ அழைப்பு. எடுத்தால் மறுமுனையில் தமிழ். அங்கேதான் விழுந்தேன். மூன்று மாதமாக ஒவ்வொரு மின்னஞ்சலையும் நாலு தடவை திருத்தித் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு, "உங்க அக்ரிமென்ட்ல அந்த ஒரு வரிதானே ம்மா காலியா நிக்குது, அக்கா பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? நாற்பது நிமிஷம் பேசினார். எந்த நோயில் ஆர்வம் என்று கேட்டார். ஓ.சி.டி. என்றேன், வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கும் நோய். "அட, அந்த வார்டுலயே போட்டுடலாம். பயப்படுற பொருளைத் தொட வெச்சு, கை கழுவ விடாம உக்கார வெப்பாங்கல்ல, அதை நேர்லயே பாக்கலாம்" என்றார். எக்ஸ்போஷர் சிகிச்சையை அப்படி விவரிக்கத் தெரிந்த ஆள் ஏமாற்றுவாரா என்று நினைத்துவிட்டேன். அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து, நம்ம பொண்ணு மாதிரி ஒரு அக்கா கிடைச்சிருக்காங்க என்று சொன்னேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் இங்கே வந்து வங்கிக் கணக்கு திறந்த வாரமே மிச்சம் 1,700 கேட்டார். "ரெண்டே இடம் பாக்கி, நாளைக்குள்ள கட்டிடுங்க ம்மா." உதவித்தொகையில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கி வைத்த பணம் அது. அனுப்பிவிட்டேன். 1966இல் ஃப்ரீட்மனும் ஃப்ரேசரும் செய்த ஆய்வை இரண்டாம் ஆண்டில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன்: சின்னதாக ஒன்றுக்குச் சம்மதித்தவர், பின்னால் பெரியதாகக் கேட்டாலும் சம்மதிக்கும் வாய்ப்பு அதிகம். 150 கட்டியவள் 1,700 கட்டுவாள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பணம் போய்ச் சேர்ந்ததும் 'உறுதிக் கடிதம்' ஒன்று வந்தது. மருத்துவமனை முத்திரை, வார்டு எண், நவம்பரில் தொடக்க நாள். அதன் பிறகு அக்கா காணாமல் போனார். எந்த வாயிலில் வர வேண்டும், மேற்பார்வையாளர் யார், தடுப்பூசிச் சான்று வேண்டுமா என்று கேட்டேன். முதல் வாரம்: மருத்துவமனைத் தரப்பில் தாமதம். இரண்டாம் வாரம்: பொறுப்பாளர் விடுமுறையில் இருக்கிறார். மூன்றாம் வாரம் "அன்புள்ள விண்ணப்பதாரருக்கு" என்று ஆரம்பித்து ஒரு மின்னஞ்சல். போன மாதம் வரை 'ம்மா'வாக இருந்தவள் விண்ணப்பதாரர் ஆகிவிட்டேன். நான் கட்டிய தொகை 'கோப்புத் தயாரிப்புக்கு' மட்டுமாம், இடம் கிடைப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம், விதிமுறையில் இருக்கிறதாம். அப்படியானால் கையில் இருக்கும் உறுதிக் கடிதம் எதை உறுதி செய்தது? பதில் இல்லை.

நேற்று அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மூன்று இடங்களுக்குப் போன் போட்டார். பிறகு முத்திரையின் மேல் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார்: இது எங்கள் பழைய முத்திரை, இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, இந்த எண்ணில் எங்களிடம் வார்டே கிடையாது. நான் அழுதுவிட்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். 1,850 யூரோவுக்கு எனக்குக் கிடைத்தது அந்தத் தண்ணீர்தான்.

மதியம் வங்கிக்குப் போனேன். பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி, அது போய்ச் சேர்ந்த வங்கியிடம் கேட்டுப் பார்ப்போம், கணக்கில் ஒன்றும் இல்லையென்றால் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். சாயங்காலம் காவல்துறையின் இணையப் பக்கத்தில் புகார் பதிந்தேன். புகார் எண் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், தலை ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். முதலில் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, 10 கிரெடிட்டுக்குக் குறைந்தது 250 மணி. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி என்றால் 96தான் வரும். இந்த ஒரு பெருக்கலை நான் போடவில்லை.

ஜெர்மனியில் தொழில் நடத்தும் தளத்தில் 'இம்பிரஸ்ஸும்' என்ற பக்கம் இருக்க வேண்டும், யார் நடத்துகிறார்கள், முகவரி என்ன என்று அதில் போட வேண்டும், இது சட்டம். இவர்கள் தளத்தில் வெறும் தொடர்புப் படிவம். நிறுவனப் பதிவேட்டையும் 2022 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெர்லின் அலுவலகம் என்று சொன்னவர்களின் ஐபான் எண், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், ஜெர்மனிக்குரிய 'டி.இ.' என்று தொடங்காமல் 'எல்.டி.' என்று தொடங்கியது, அது லிதுவேனியா. அப்படிக் கணக்கு வைத்திருப்பதே தப்பு என்று இல்லை, ஆனால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் எக்ஸ்சேஞ்ச் ஒருங்கிணைப்பாளரிடம் காட்டாமல் ஒரு யூரோகூடக் கட்டாதீர்கள். லேர்னிங் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுவது நீங்களும் இரண்டு பல்கலைக்கழகங்களும்தான். வெளியாள் விற்கும் கிரெடிட்டுக்கு அதில் இடமே இல்லை. நேற்று மாலை என் ஒருங்கிணைப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, இதை ஆகஸ்டிலேயே கேட்டிருந்தால் 20 கிரெடிட்டுக்கு உன் துறையிடம் பேசி சம்மதம் வாங்கியிருப்பேனே என்றார். இப்போதாவது பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இதே மாதிரி கடிதம் உங்கள் கையில் இருந்தால் இன்றே அந்த மருத்துவமனைக்கு நேரடியாகப் போன் போடுங்கள். எண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள், மருத்துவமனையின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். இரண்டாம் தவணை இன்னும் போகவில்லை என்றால் அனுப்பாதீர்கள், 150 போனால் போகட்டும்.