மருத்துவர்கள் சிறப்பு, செவிலியர்தான் தங்குவதில்லை

ஈரோட்டில் நூறு படுக்கைகளுக்கு மேல் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், சிறுநீரகக் கோளாறுக்காக என் தந்தையை ஓராண்டுக்குள் இரண்டு முறை சேர்த்திருந்தோம். மருத்துவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அறைகள் தூய்மையாக இருந்தன. உணவகத்தில் அரிசிம்பருப்புச் சோறு வீட்டுப் பக்குவத்திலேயே கிடைத்தது.

முதல் முறை, நரம்பு எளிதில் அகப்படாத அப்பாவின் கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றியவரும், மாத்திரையை அவர் கடைவாயில் ஒதுக்கிவிட்டுப் பிறகு துப்புவதைக் கண்டுபிடித்தவரும் அந்தத் தளத்துச் செவிலியர்கள்தாம். அனைவரையும் 'அம்மிணி' என்றே அப்பா அழைத்துவந்தார். ஏழு மாதம் கழித்துப் போனபோது அவர்களில் ஒருவர் மட்டுமே இருந்தார். புதியவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர், ஆனால் ஊசி ஏற்ற நான்கு இடங்களில் குத்த வேண்டியிருந்தது. பணி மாறும் ஒவ்வொரு வேளையும் அப்பாவுக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை நாங்களே எடுத்துச் சொன்னோம்.

மற்றவர்கள் எங்கே என்று அந்த ஒருவரிடம் கேட்டேன். "சம்பளங்கூடப் பரவாயில்லீங்ணா, நைட் டூட்டி முடிஞ்சு கெளம்பறப்ப சாயங்காலமும் வர முடியுமான்னு கேப்பாங்க" என்றார். அன்றிரவு அவர் பொறுப்பில் 14 நோயாளிகள் இருந்தனர். பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 100 முதல் 200 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனைகளில் ஊதியம் அரசுச் செவிலியர் பெறுவதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமாகவும் படவில்லை.

ஆளைத் தங்க வைக்க இந்த நிர்வாகம் கண்ட வழி, சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வளைகுடாவுக்கோ, அரசுப் பணித் தேர்வுக்கோ அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பணிநேர அட்டவணையை ஒரு மாதம் முன்பே தந்து அதை மாற்றாமல் இருப்பதற்கும், கேட்ட விடுப்பை முகம் சுளிக்காமல் கொடுப்பதற்கும், நுழைவாயிலில் வைத்திருக்கும் நீரூற்றுக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

சிகிச்சைக்கு 5-க்கு 4, பராமரிப்புக்கு இரண்டரை. இங்கே சேர்ப்பவர்கள், ஒவ்வாத மருந்துகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். எங்களுக்கு அது மூன்றாம் நாள்தான் தோன்றியது.