சட்டைப் பையும் தோள் பையும்: மலையகத்தில் இரண்டு கமராக்களுடன் ஏழு வருடங்கள்

2017 இறுதியில் ஒரு கையடக்கக் கமரா வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து, ஒருவர் பயன்படுத்திய, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ் கமரா ஒன்றும் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது என் தொழில். படம் எடுப்பது விடுமுறை நாள் வேலை. என்னிடம் படித்து, கொழும்பில் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் கமரா வாங்க நினைக்கும் பிள்ளைகள் “எதை வாங்கலாம் சேர்?” என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். அந்தப் பதிலை இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

என் கமராக்களின் மாடல் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதுவது இரண்டு வகைகளைப் பற்றி. சின்னது, ஓரங்குலம் என்று சொல்லப்படும் சென்சர் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) கொண்டது. உண்மையில் அதன் அளவு 13.2 க்கு 8.8 மில்லிமீட்டர். 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்த பிறகுதான் இந்த அளவு சென்சர் சட்டைப் பைக்குள் அடங்கும் கமராக்களில் பரவலானது. என்னுடையதில் 24 முதல் 70 வரையான ஜூம் லென்ஸ், ஒளி நுழையும் துவாரம் எஃப் 1.8 முதல் 2.8 வரை (இந்த எண் குறைந்தால் துவாரம் பெரிது), 20 மெகாபிக்சல். பற்றரியோடு சேர்த்து 300 கிராமுக்குள் அடங்கும். பெரியது ஃபுல் ஃபிரேம்: 36 க்கு 24 மில்லிமீட்டர் சென்சர். உடல் மட்டும் 650 கிராம், அதில் மாட்டும் 24–105 எஃப் 4 லென்ஸ் இன்னொரு 660 கிராம்.

இந்தப் பாரத்தின் அர்த்தம் சிவனொளிபாதமலைப் படிகளில்தான் எனக்குப் புரிந்தது. நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,000 படிகளுக்கு மேல். ஒரு வருடம் பெரியதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பாதி வழியிலேயே அது பைக்குள் போய்விட்டது. உச்சிக்குப் போய்த்தான் மறுபடி வெளியே வந்தது. விடியும்போது மேற்கே விழும் அந்த முக்கோண நிழலை, வெளுத்த வானத்தையும் இருண்ட பள்ளத்தாக்கையும் ஒரே படத்தில் இழக்காமல் பிடித்துத் தந்தது பெரியதுதான். அந்த ஒரு படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அடுத்த வருடம் சின்னதை மட்டும் கொண்டு போனேன். நிழல் படம் சுமாராகத்தான் வந்தது. ஆனால் வழி நெடுக எடுத்தவை கிடைத்தன: தேத்தண்ணிக் கடை வாங்கில் சாய்ந்து தூங்கும் கிழவர், பேத்தியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏறும் பாட்டி. முந்தின வருடமும் இவர்களைப் போன்றவர்களைக் கடந்துதான் போயிருப்பேன். பையைத் திறக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

அடுத்தது, எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்று. மலையகத்தில் கமரா வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான தொல்லை.

மார்கழி, தை மாதக் காலைகளில் வெளியே கைவிரல் விறைக்கும். லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள், அடுப்படியில் விறகு எரிந்துகொண்டிருக்கும். பானையில் தண்ணீர் கொதிக்கும். வெளியே குளிரில் தொங்கிய பெரிய கமராவோடு அந்த அடுப்படிக்குள் நுழைந்தால் லென்ஸ் நொடியில் வெளுத்துவிடுகிறது. குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டால் நீர்த்துளி படியாமல் என்ன செய்யும்? துடைத்தால் திரும்பவும் படியும். கண்ணாடி சூடேறும்வரை கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் ரொட்டி சுட்டு, தேத்தண்ணி குடித்து, வேலைக்குப் போகிறவர்கள் பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) கிளம்பிவிடுவார்கள். சின்னதை நான் ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் வைத்திருப்பேன். என் உடம்புச் சூட்டில் அதுவும் சூடாகவே இருக்கும். அடுப்படிக்குள் நுழைந்து எடுத்த எடுப்பிலேயே தெளிவான படம். எங்கள் வீட்டு அடுப்படியில் அதிகாலையில் எடுத்த நல்ல படங்கள் அத்தனையும் சின்னதில் எடுத்தவை. பெரியதைத்தான் கொண்டுபோகவேண்டும் என்றால், இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோய், பைக்குள்ளேயே அது அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

இனி மனிதர்கள்.

என் பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பெரிய கமராவோடு நான் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கால் வைத்தால் அவர் முதலில் உள்ளே போவார். சேலை மாற்றி, தோட்டைத் திருத்தி, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து, வாசல் நிலைக்கு முன்னால் கையை இரண்டு பக்கமும் விட்டு நிற்பார். முகத்தில் அடையாள அட்டைக்கு நின்ற அதே இறுக்கம். “சிரியுங்கள் பெரியம்மா” என்றால் இறுக்கம் இன்னும் கூடும். சின்னதை எடுத்தால் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, இந்த மாதம் ஏன் வரவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார். அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் ஏறத்தாழ இல்லை. ஒருநாள் சுளகில் இருந்த அவருடைய கையை, லென்ஸ் விரலைத் தொட்டுவிடும் தூரத்தில் வைத்து எடுத்தேன். கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் நகக்கண் ஓரமாகக் கொழுந்துக் கறை. வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. தோலின் வெடிப்புக்குள் அது இன்னும் கருப்பாக நிற்கிறது. நான் எடுத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

பொகவந்தலாவையில் செயின்ட் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார். அவருடைய கமரா பெரிய மரப்பெட்டி. ஈரம் காயுமுன் பயன்படுத்தவேண்டிய கண்ணாடித் தகடு. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இந்த நாட்டுச் சாதாரண மக்களும் இருக்கிறார்கள். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நூற்றைம்பது வருடமாக எங்கள் பக்கத்து மக்களுக்கு முன்னால் பெரிய கமரா வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. தபால் அட்டைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் கூடையோடு சிரிக்கச் சொல்லியிருக்கிறது. பெரியதை நான் கழுத்தில் மாட்டும்போது, என் அப்பாயி கொழுந்து பறித்த அதே மலையில் நானும் அந்த வரிசையில் போய் நிற்கிறேன்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில், எனக்குச் சொந்தக்காரர்களே நிற்கும்போது, பெரிய கமராவைப் பார்த்ததும் அனுமதிக் கடிதம் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். தொலைக்காட்சியிலிருந்து வந்திருக்கிறேனா என்றும் கேட்டார்கள். அதே இடத்தில் சின்னதோடு பல தடவை நின்றிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால் என் தோளில் தொங்குவது சில நூறு நாள் உழைப்பு. அங்கே நிற்பவர்கள் அந்தக் கணக்கை என் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் பேச்சு குறைந்துவிடும்.

இப்படியே விட்டுவிட்டால் பெரியதற்கு அநியாயம் செய்தவனாவேன். மாசி மாதம், ரதி மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு வாருங்கள். இரவு முழுவதும் தப்புப் பறை அடிக்கும். ஒரே ஒரு குழல் விளக்கும் கையில் பிடித்த தீப்பந்தமும்தான் வெளிச்சம். ரதியும் மதனும் சுற்றி ஆடுவார்கள். தீ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். சின்னது இங்கே தடுமாறுகிறது. இருட்டில் ஃபோகஸ் தேடித் தேடி, கடைசியில் ரதியின் முகத்தை விட்டுவிட்டுத் தீப்பந்தத்தில் போய் நிற்கிறது. பெரியது கண்ணைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. ஆள் திரும்பினாலும், யமன் குறுக்கே வந்தாலும், மறுபடி அதே கண்ணுக்குத் திரும்புகிறது. இதற்கு ஈடாக எதையும் சின்னதில் நான் பார்க்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை. நானும் முதல் வருடம் பார்க்கவில்லை. பெரிய சென்சரின் பரப்பு சின்னதைப் போல ஏழு மடங்குக்குச் சற்று மேல். சரி, இரவில் ஏழு மடங்கு சுத்தமான படம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏனென்றால் சின்னதின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8 வரை திறக்கும். என் பெரிய ஜூம் எஃப் 4 வரைதான். எஃப் 1.8 உள்ளே விடும் ஒளி எஃப் 4ஐப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஏழு மடங்கில் ஐந்து மடங்கை லென்ஸே தின்றுவிடுகிறது. ஏழு சொச்சத்தை ஐந்தால் வகுத்தால் மிச்சம் இருப்பது ஒன்றரை மடங்கு. அந்த ஒன்றரை மடங்குக்காகவா ஒரு கிலோ அதிகம் தூக்குவது? அடுத்த மாசிக்கு முன் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். கையளவு, விலையும் குறைவு. அதை மாட்டிய பிறகுதான் பெரிய சென்சர் தன் பலத்தைக் காட்டியது. ரதியின் நெற்றிச் சுட்டியும், வியர்வையில் கரைந்து இறங்கும் அரிதாரமும் படத்தில் தெரிந்தன. பெரிய கமராவைக் கடையில் தரும் ஜூமோடு மட்டும் வாங்கி இரவுப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்குள் ஒன்று கவனியுங்கள். சத்தம் வரக்கூடாது என்று பெரியதைச் சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றினால், எல்ஈடி விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக விழுகிறது. பூசை நேரத்தில் எடுத்த ஒரு தொகுதிப் படங்களை அப்படி இழந்தேன்.

ரயிலைப் பற்றி இரண்டு வரி போதும். நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை வரை சன்னலோரம் ஒரு கையால் எடுக்கச் சின்னது. பள்ளத்தாக்குக்கு அப்பால் தெரியும் லயத்தை அருகே இழுக்கப் பெரியதின் 105.

ஈரப்பதத்துக்கு வருகிறேன். தென்மேல் பருவமழை மாதங்களில் எங்கள் வீட்டு அலமாரிக்குள் சப்பாத்திலேயே பூஞ்சணம் பூக்கும். லென்ஸை விடுமா? இரண்டு கமராவையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். ஜெல் நிறம் மாறியதும் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடுகிறேன். அரிசிக்குள் கமராவைப் புதைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தவிடு உள்ளே போகும், வேண்டாம். பெரியதின் இணைப்புகளில் ஈரம் புகாத அடைப்பு இருக்கிறது; தூறலில் பயமில்லாமல் எடுப்பேன். சின்னதில் அது கிடையாது. அதைவிடப் பெரிய குறை, அதன் லென்ஸைக் கழற்ற முடியாது என்பது. திறக்கும்போதெல்லாம் குழல் வெளியே நீண்டு, மூடும்போது தூசியையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. ஐந்தாவது வருடம் எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. பெரியதில் அப்படி வந்தால் லென்ஸைக் கழற்றி, ஊது பந்தால் நானே ஊதிவிடுவேன். சின்னதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அது 2022. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய வருடம். சுத்தம் செய்யக் கேட்ட தொகையும் அதற்கேற்ப இருந்தது.

படத்தின் தரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. அச்சிட்டால்? ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இறந்துபோனார். இரவு பத்து மணிக்கு அவருடைய மகன் வந்து கதவைத் தட்டினார். அறிவித்தலுக்கும் மாலை போடுவதற்கும் படம் வேண்டும். வீட்டில் அடையாள அட்டையில் இருக்கும் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. தோட்டத்தில் இது புதிதில்லை. நிறையப் பேருடைய கடைசிப் படம், தபால் தலையளவிலிருந்து ஊதிப் பெரிதாக்கிய, முகமே கலங்கிப்போன ஒன்று. பழைய மெமரி கார்ட்களைத் தேடினேன். தண்ணீர்ப் பீலியடியில் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்தபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். சின்னதில், வேறெதையோ எடுக்கப்போன வழியில் எடுத்தது. மறுநாள் காலை ஹட்டனில் 18 க்கு 12 அங்குலத்தில் அச்சிட்டோம். 20 மெகாபிக்சல் அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தரும்; குறைவே தெரியவில்லை. மகன் படத்தை இரண்டு கையாலும் வாங்கி, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஆகவே கேட்கிற பிள்ளைகளுக்கு: முதலில் சின்னதை வாங்குங்கள். பழையதானாலும் பரவாயில்லை; லென்ஸ் குழல் தடங்கலின்றித் திறந்து மூடுகிறதா, வெள்ளைச் சுவரை எடுத்தால் புள்ளி விழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டையும் சொந்தங்களையும் ஒரு வருடம் எடுங்கள். கூத்து, இரவுத் தேர், கல்யாணம் என்று ஆசை வளர்ந்தால், அப்போது பெரியதும் ஒரு 50 எஃப் 1.8உம். கையிலுள்ள காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால், எனக்கு இதில் தயக்கமே இல்லை: சின்னது.

என்னுடைய சின்னது இப்போது கொழும்பில் திருத்தகத்தில் கிடக்கிறது. போன மாதத்திலிருந்து குழல் பாதியில் நின்று நறநறவென்று சத்தம் போடத் தொடங்கியது. பாகம் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பெரியது பெட்டிக்குள், பற்றரி நிறைத்து, ஆயத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போய் வருகிறேன்.