கெலிஓயா ரோட்டு நர்சரியில் போத்தல் பாம்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ரோட்டில், கெலிஓயா தாண்டியதும் ஒரு சின்ன நர்சரி இருக்கிறது. பெயர்ப்பலகைகூட இல்லை. அடி போத்தல் மாதிரிப் பருக்கும் அழகுப் பனையான போத்தல் பாம் தேடுகிறவர்கள் தாராளமாக அங்கே போகலாம். கேட்ட கன்றையே கொடுக்கிறார்கள்.

பல இடங்களில் போத்தல் பாம் என்று கேட்டால் அதே இனத்து இன்னொரு பனையான ஸ்பிண்டில் பாமை ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். கன்றில் இரண்டும் கூடப்பிறந்ததுகள் மாதிரியே இருக்கும். வளர்ந்த பிறகு போத்தல் பாம் அடியில் பருக்கும், மற்றது நடுவில் பருத்து உயரமாகவும் போகும். இங்கே இருக்கும் அக்கா இரண்டு பொலித்தீன் பைகளையும் பக்கத்தில் வைத்து மட்டையைத் திருப்பிக் காட்டினார். ஸ்பிண்டில் காம்பில் மஞ்சள் கோடு ஓடுகிறது, போத்தல் காம்பில் செம்மஞ்சள் சாயல். "கோடு இருந்தா வேணாம்னு சொல்லிருங்க அண்ணே" என்றார்.

முழங்கால் உயரக் கன்று, நாலு மட்டை, 1800 ரூபா. கூட என்று நினைக்க வேண்டாம். மெதுவாக வளரும் சாதி இது, இந்த உயரத்துக்கு வரவே வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

இதன் சொந்த ஊர் மொரீசியஸுக்கு வடக்கே இருக்கும் ரவுண்ட் ஐலண்ட். நம் பூட்டன்மார் கோப்பிக்காட்டுக்கு வந்த காலத்தில் இன்னொரு கூட்டம் கரும்புக்குப் போனதே, அதே மொரீசியஸ். ரவுண்ட் ஐலண்டில் கொண்டுபோய் விட்ட ஆடும் முயலும் முளைத்த கன்றையெல்லாம் தின்று, காட்டில் முதிர்ந்த மரம் பத்துக்கும் கீழே போய்விட்டது. 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் ஒழித்த பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின. அப்படிப்பட்ட மரம் நம் முற்றத்தில் நிற்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அக்கா கண்டியில் ஒரு வீட்டு மரத்து விதையை வாங்கி முளைக்க வைக்கிறார், அதனால் காட்டு மரத்துக்குச் சேதமில்லை.

ஒரு குறை. 'நுவரெலியாவுக்கும் ஏற்றது' என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்ற வேண்டும். ஜனவரிப் பனி விழுந்தால் குருத்தே கருகிவிடும். கண்டி, கம்பளை, மாத்தளைப் பக்கம் சரி. அங்கேயும் கான் ஓரத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைக்காதீர்கள். மேலே குளிரில் இருப்பவர்கள் அக்காவிடம் கமேலியாப் பூச்செடி கேளுங்கள், அதுவும் நல்ல கன்றாக இருக்கிறது.