ஹட்டனில் கல்யாண கார்டும் பில் புத்தகமும் அடித்த கதை

கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நாளைக்கு அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் டிஜிட்டல் மெஷினையும் ஈய எழுத்தைக் கோத்து அடிக்கிற பழைய அச்சையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிற அச்சகம் எது என்று விசாரித்தால் யாராவது கையைக் காட்டிவிடுவார்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்கு 250 கார்ட், என் ஹார்ட்வெயார் கடைக்கு 20 பில் புத்தகம், இதுதான் வேலை. கார்ட் விஷயத்தில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மஞ்சள் ஒட்ட வேண்டும். அண்ணன் கல்யாணத்துக்குப் பளபள ஆர்ட் அட்டையில் அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினால் அது வழுக்கிக்கொண்டு போய், காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து, வெற்றிலைத் தட்டுதான் மஞ்சளானது. இதைச் சொன்னதும் கவுண்டரில் இருந்த தம்பி சிரிக்காமல், பூச்சில்லாத சொரசொரப்பான அட்டை ஒன்றை எடுத்து வைத்து, "மஞ்சள் கொண்டாந்து தேச்சே பாருங்க அண்ணே" என்றான். சரி, இவனிடம் கொடுக்கலாம் என்று அப்போதே நினைத்தேன்.

ஆனால் அந்த அட்டையில் டிஜிட்டல் சரிவராதாம். டோனர் என்பது பொடி, சூட்டில் உருகி மேலாக ஒட்டுவது, அதனால் அட்டையின் பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டில் மட்டும் பட்டு எழுத்து திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் மேலட்டையை ஈய எழுத்திலும், போட்டோவும் முகூர்த்த விவரமும் வரும் உள்தாளை டிஜிட்டலிலும் அடிக்கச் சொன்னான். எல்லாவற்றையும் பழைய முறையிலேயே அடித்தால் அழகாக இருக்குமே என்று நான் ஆசைப்பட்டேன், வீண் செலவு என்று அவனே தடுத்தான். வருகிற காசை வேண்டாம் என்கிற கடைக்காரனை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

மெஷின், பழைய ஜெர்மன் ஹைடெல்பெர்க். இரண்டு கைகள் சுழன்று சுழன்று தாளைக் கவ்விக்கொண்டு போவதால் இதைக் காற்றாடி மெஷின் என்பார்களாம். 1985க்குப் பிறகு இந்த வகை செய்யப்படவே இல்லை. உஸ் என்று காற்றை இழுத்துத் தாளைத் தூக்கும், டக் என்று அடிக்கும், அடுத்த உஸ். ஓட்டுகிறவர் அறுபது தாண்டிய பெரியவர். எழுத்து நல்லா அழுந்தி, தடவினால் குழி தெரிய வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எழுத்து பின்பக்கம் முட்டினா எங்க பழைய மொதலாளி தாளை மூஞ்சில வீசுவார் தம்பி, இப்ப எல்லாரும் அதையே காசு குடுத்துக் கேக்குறீங்க." அந்தக் காலத்தில் முத்தம் கொடுத்த மாதிரி பட்டும் படாமலும் அடிப்பதுதான் வேலைக்காரனுக்கு அழகு. கடைசியில் அரை மனதோடு அழுத்தம் கூட்டிக் கொடுத்தார்.

தலைப்பில் வரும் 'பிள்ளையார் துணை' என்ற வரியை அவர் கையாலேயே கோத்தார். வந்ததைப் பார்த்து மச்சான் ஒருவன், எழுத்துப் பிழை, திருப்பிக் கொடு என்று குதித்தான். பிழையில்லை. ளையும் ணையும் முன்னால் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் அரசாங்கம் அதை மாற்றியது, இங்கே இருக்கிற ஈயம் அதற்கும் முந்தியது. பிள்ளையார் பெயருக்கே தும்பிக்கை வைத்த எழுத்து கிடைத்ததில் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இனிக் குறை. போனில் நாம் அடித்து அனுப்புவது யூனிகோட், அவர்கள் கம்ப்யூட்டரில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான், யூனிகோட் அதில் அப்படியே வராது, மாற்றித்தான் போட வேண்டும். மாற்றும்போது மாப்பிள்ளை அப்பாவின் பெயரில் இருந்த ஸ்ரீ காணாமல் போய் அங்கே ஒரு கட்டம் உட்கார்ந்திருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த முதல் புரூஃபில் நான் கவனிக்கவில்லை, தங்கச்சிதான் பிடித்தாள். அவள் பார்க்காமல் விட்டிருந்தால் சம்பந்தி வீட்டில் என் கதி என்ன? இன்னொன்று, மேலட்டையின் மெரூன் மையும் உள்தாளின் டிஜிட்டல் மெரூனும் சேரவில்லை, ஒன்று மாதுளை, ஒன்று செங்கல். இரண்டு முறையையும் கலந்தால் ஒரே நிறத்தை இரண்டிலும் கேட்காதீர்கள். இதை அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னது திங்கட்கிழமைதான் கிடைத்தது. அது ஆடி மாத மழையும் பனிமூட்டமும், மை காயவில்லை என்றார்கள். தாளைத் தனித்தனியாகப் பரப்பி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்ததால் அதற்குச் சண்டை போடவில்லை.

மடிப்பு மட்டும் அருமை. டோனர் அடித்த தடித்த தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். இவர்கள் காற்றாடி மெஷினிலேயே கோடு அழுத்திவிட்டு மடித்ததால் 250இல் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

பில் புத்தகத்துக்கு என்.சி.ஆர். தாள், அதாவது கார்பன் வைக்காமலே மேலே எழுதுவது கீழேயும் பதிகிற தாள், வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று பிரதி. மூன்றையும் சேர்த்து வைத்து ஒரே அடியில் நம்பர் போடுகிறார்கள், மேல் தாளில் சிவப்பு மை, கீழே இரண்டிலும் அந்த அழுத்தத்திலேயே நம்பர் விழுகிறது, பிரதிக்குப் பிரதி நம்பர் மாற வழியே இல்லை. ஆனால் நம்பர் சக்கரம் எங்கேயோ மாட்டியிருக்கிறது, என்னிடம் 1150 என்று ஆறு பில் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் எழுதும்போதுதான் கண்டேன். கொண்டுபோய்க் காட்டியதும் மறுபேச்சில்லாமல் அந்தப் புத்தகத்தைச் சும்மா அடித்துத் தந்தார்கள், ஒரு வாரம் எடுத்தது. வாங்கியதும் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

கார்ட் ஒன்று 140 ரூபாய் ஆனது, முழுக்க டிஜிட்டல் என்றால் 90 சொன்னார்கள். கவர் அந்தக் கணக்கில் இல்லை, கடைசியில்தான் தெரிந்தது, முதலிலேயே கேளுங்கள். ஈய எழுத்து வேலை பேச வேண்டுமென்றால் காலையில் போங்கள், மத்தியானம் சாப்பிடப் போனால் பெரியவர் மூன்று மணிக்குத்தான் வருவார். ஞாயிறு பூட்டு.