விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்ற பிறகு: பணம் கட்டலாமா, கணினியை மாற்றலாமா, லினக்ஸ் போடலாமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. மறுநாள் காலையிலும் கணினி ஆன் ஆனது, கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறந்தது, பில் பிரிண்ட் ஆனது. அதனாலேயே பல கடைகளிலும் சின்ன கம்பெனிகளிலும் இந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. நான் சர்வீஸ் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு கணினி உள்ள அலுவலகத்தை மனதில் வைத்து, இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

முதலில் செலவில்லாத வழி: இருக்கிற கணினியிலேயே விண்டோஸ் 11. 'இந்தக் கணினி தகுதியில்லை' என்று திரையில் வந்ததும் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு கணினிகளையும் மாற்றச் சொல்லி கொட்டேஷனே கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் நான்கு கணினிகளில் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசர். தகுதிக்கு அது போதும். டி.பி.எம். என்கிற பாதுகாப்புப் பகுதி மட்டும் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை செட்டிங்கில், அணைந்து கிடந்தது. இன்டெல் போர்டுகளில் அது பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். உள்ளே போய் ஆன் செய்து, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்தோம். ஒன்றில் மட்டும் ஹார்ட் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தது. செக்யூர் பூட்டுக்கு ஜி.பி.டி. என்ற புது முறை வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் கருவியால் ஜி.பி.டி.க்கு மாற்றினோம். நான்கும் அன்று மாலைக்குள் விண்டோஸ் 11-க்குப் போய்விட்டன.

பிராசசர் பெயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, போகும். ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, போகாது. குறுக்கு வழியில் ஏற்றிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் அடுத்தடுத்த அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வீட்டுக் கணினிக்கு எப்படியோ, கணக்கு எழுதும் கணினிக்கு வேண்டாம்.

தகுதியில்லாத கணினிகளில்தான் உண்மையான போட்டி. பணம் கட்டி அப்டேட் வாங்கும் திட்டத்துக்கு இ.எஸ்.யூ. என்று பெயர். நிறுவனங்களுக்கான பட்டியல் விலை முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. கூட்டினால் 427 டாலர், அதாவது 35,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு அலுவலக வேலைக்கான கணினி ஒன்று புதிதாகவே வந்துவிடும். முதல் ஆண்டை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும், விட்ட ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருந்தால்தான் இதுவே கிடைக்கும். 30 டாலருக்கு ஒன்று இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வீட்டு உபயோகத்துக்கு, டொமைனில், அதாவது அலுவலக சர்வரின் கட்டுப்பாட்டில், சேர்த்த கணினிகளுக்கு அது கிடையாது.

அப்படியென்றால் இ.எஸ்.யூ. யாருக்கு? எடைமேடையோடு சீரியல் கேபிளில் பேசிக்கொண்டிருக்கும் கணினி, பழைய சி.என்.சி. இயந்திரத்தோடு வந்த கணினி, இவற்றுக்குத்தான். இயந்திரம் விற்றவர் விண்டோஸ் 11-க்கு டிரைவர் தரும்வரை ஓர் ஆண்டு வாங்கலாம். டைப் அடிக்கவும் மெயில் பார்க்கவும் வைத்திருக்கும் கணினிக்கு இதைக் கட்டுவது வீண்செலவு என்றே சொல்வேன்.

அந்த மாதிரிக் கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் நன்றாகப் பொருந்தும். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜி.பி. ராமிலும் ஓடும். பிரவுசர், மெயில், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் இருக்கிறது. ரிசப்ஷன், குடோன் கணினிகளை யோசிக்காமல் மாற்றலாம். கணக்குப் பிரிவில் மட்டும் கை வைக்காதீர்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற கருவி வழியாக ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கடைசி நாளில் அது மக்கர் செய்தால் யாரைக் கேட்பது? டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் லினக்ஸில் சுலபமாக ஒத்துழைப்பதில்லை.

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். 'அந்தக் கணினியில் முக்கியமானது ஒன்றுமில்லையே' என்பார்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் பரவியதை நினைத்துப் பாருங்கள். ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாத கணினி ஒன்றில் நுழைந்த அந்தப் புழு, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, அதே நெட்வொர்க்கில் ஓட்டையோடு இருந்த மற்ற கணினிகளுக்கும் தாவியது. குடோன் கணினியில் ஒன்றுமில்லை, சரி. ஆனால் அது இருக்கும் அதே வயரில்தான் உங்கள் கணக்கும் இருக்கிறது. விட்டுத்தான் வைக்க வேண்டுமென்றால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள், பென்டிரைவுக்கும் கட்டுப்பாடு வையுங்கள்.

அப்புறம், பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது ஆபீஸ் 2016, 2019 இரண்டையும். அவற்றுக்கும் அதே நாளில்தான் ஆதரவு முடிந்தது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்றால், பேங்க் லாகின் நடக்கும் கணினியிலிருந்து தொடங்குங்கள். புதுக் கணினி வாங்கும் பணத்தை முதலில் அதற்கே ஒதுக்குங்கள். பழையதை ஃபார்மட் செய்வதற்கு முன் டேலி டேட்டாவை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, சென்ற ஆண்டின் கடைசி வவுச்சர் வரை திறக்கிறதா என்று பாருங்கள். டேலி லைசென்ஸைப் பழைய கணினியிலிருந்து விடுவித்த (சரண்டர் செய்த) பிறகே டிஸ்க்கை அழியுங்கள்.